எக்ஸ்ரேக்காரரும் பவளக்கால் உள்ளானும்

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

சொன்னவர் எக்ஸ்ரேக்காரர். கேட்டது ஒரு பறவை. சதுப்பில் சிவந்த நெட்டைக் கால்களை ஊன்றி நின்ற அந்தப் பவளக்கால் உள்ளான், இருபத்தெட்டு வருஷமாக நோயாளிகள் அவருக்குக் காட்டிவந்த மரியாதையைக் காட்டவில்லை. கத்திக்கொண்டு பறந்துவிட்டது. கேமராவில் விழுந்தது வெறும் சேறு.

"பறவைகிட்ட போய்ப் பேசுறீங்களே சார்," என்றார் சதுப்புநிலக் காவலாளி.

"நான் எங்கங்க பேசினேன்? பட்டன்ல கை வச்சாலே வாய்ல தானா வருது."

கேமராவும் அவருடையதல்ல, பறவைப் பைத்தியமும் அவருடையதல்ல. இரண்டுமே மனைவியுடையவை. நாணலுக்குப் பின்னால் உள்ளான் முட்டையிட்டிருப்பதைக் கண்டுபிடித்து, குஞ்சு வெளியே வரும் நாளுக்காகத் தினமும் காலையில் வந்து காத்திருந்தவள் அவள். இரண்டு வாரத்துக்கு முன்னால், அவள் சேற்றில் பார்த்துப் பார்த்து அடிவைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "என் நீலச் சட்டை எங்க?" என்று கேட்டது சாட்சாத் இவர்தான். பேச்சு வாக்கில் அவள் வழுக்கி விழுந்தாள். வலது கால் எலும்பு முறிந்தது.

அந்தக் காலை எக்ஸ்ரே எடுத்ததும் அவரேதான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஃபிலிம் வைக்காமலே பட்டனை அழுத்திவிட்டார். மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு லீவு போட்டுவிட்டுக் கட்டிலோரமே கதி என்று கிடந்தார். தலையணையை ஏற்றினார், இறக்கினார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். முதல் நாள் அவள் லேசாக முனகியதற்கே மனுஷர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து "வலிக்குதா?" என்று எத்தனை தடவை கேட்டாலும், "சுத்தமா இல்லங்க" என்றே பதில் வந்தது. ஆனாலும் அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் மறுபடி கேட்பார்.

இரண்டு வாரம் கழித்து அவளே கேட்டாள்: "என்னங்க, அந்த உள்ளான் குஞ்சு பொரிக்கிற நேரம். பொரிச்சதும் கூட்டை விட்டுக் கெளம்பிடும். எனக்காக ஒரே ஒரு படம் எடுத்துட்டு வர்றீங்களா?"

உயிரைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். படம்தானே என்று கிளம்பிவிட்டார்.

இரண்டாம் நாள் வாயில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். வாய் அடங்கியது. உள்ளானும் வந்து நின்றது. ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தி, கோணம் பார்த்து, எல்லாம் சரியாக வைத்துவிட்டு, விறுவிறுவென்று நடந்துபோய் ஒரு புதருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"எங்க சார் போறீங்க?" என்றார் காவலாளி.

எக்ஸ்ரே அறையில் நோயாளியைச் சரியாகப் படுக்கவைத்ததும், தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுதான் பட்டனை அழுத்த வேண்டும். அப்படி நடந்தே பழகிய கால், கைக்குட்டைக்கெல்லாம் அடங்குமா? புதருக்குப் பின்னால் பட்டன் இல்லை என்பது உறைத்து அவர் ஓடிவந்தபோது பறவை போய்விட்டிருந்தது.

வீட்டில் மனைவி கேமராவை வாங்கிப் பார்த்தாள். இரண்டு நாளில் பதினோரு படம். பதினொன்றிலும் சேறு.

"சேறு நல்லா விழுந்திருக்கு," என்றாள்.

"கிண்டல் பண்ணாத."

"நெசமாத்தாங்க. அலமாரில ரிமோட் இருக்கு. நாளைக்கு அதை எடுத்துட்டுப் போங்க. புதருக்குப் பின்னால நின்னே அழுத்தலாம்."

"உனக்கு எம்மேல கோவமே இல்லயா? நான் மட்டும் அன்னிக்கு போன் பண்ணாம இருந்திருந்தா..."

"ஆரம்பிச்சிட்டீங்களா? போய்ப் படுங்க. காலைல சீக்கிரம் கெளம்பணும்ல."

மூன்றாம் நாள் ரிமோட்டோடு புதருக்குப் பின்னால் நின்றார். இவ்வளவு தூரத்தில் வாய்க்கு எதற்குக் கட்டு என்று கைக்குட்டையை அவிழ்த்துவிட்டார். தூரத்தில் இருக்கும் நோயாளிக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதும் தொழில் பழக்கம்தான். ரிமோட்டை அழுத்தப் போனவர் சதுப்பே அதிரும்படி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று குரல் கொடுத்தார்.

உள்ளான் மட்டுமா, கொக்கு, நாரை, கூழைக்கடா என்று அத்தனையும் எழும்பின. அக்கரையில் விடியற்காலையிலிருந்து குந்தியிருந்த நான்கு புகைப்படக்காரர்களில் மூன்று பேர் எழுந்து நின்று திட்டினார்கள். நான்காமவர் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். போன வருஷம் இவரிடம் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்.

நான்காம் நாள் வாய்க்குக் கைக்குட்டை, காலுக்குத் துண்டு. தன் காலை ஸ்டாண்டின் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

உள்ளான் வந்தது. அதன் பின்னால் நாணல் அசைந்தது. குஞ்சுதான் என்று தோன்றிய மாத்திரத்தில் அவர் கால் தடுப்பைத் தேடிப் புறப்பட்டது. கூடவே ஸ்டாண்டும் புறப்பட்டது. கேமரா தண்ணீரைத் தொடும் முன் பாய்ந்து பிடித்தவர், மார்பளவு சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தார். கேமராவை மட்டும் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். நாணலிலிருந்து ஒரு தவளை குதித்துப் போனது.

காவலாளி அவரைக் கரைக்கு இழுத்துப் போட்டுக் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டார். அவிழ்த்ததும் அழுகைதான் வந்தது.

"அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுங்க. காலை ஒடைச்சதும் நான்தான். இப்ப இதையும் செஞ்சு குடுக்க முடியல. எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?"

காவலாளி தலையைச் சொறிந்தார். "உங்க வீட்டம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. இருந்தாலும் நீங்க அழறதைப் பாக்க முடியல, சொல்லிடறேன். நீங்க மொத நாள் வர்றதுக்கு முன்னாடியே குஞ்செல்லாம் பொரிச்சுக் கெளம்பிடுச்சு சார்."

"ஐயோ. அது தெரிஞ்சா அவ மனசு ஒடைஞ்சு போயிடுவாளே."

"அம்மாவுக்குத் தெரியும் சார். நாலு குஞ்சையும் நானே போன்ல படம் புடிச்சு அன்னிக்கே அனுப்பிட்டேன். 'அவருகிட்ட மூச்சு விடாதீங்க, மாவுக்கட்டுப் பிரிக்கிற வரைக்கும் தெனமும் அங்க வரட்டும், அவர் வீட்ல இல்லாத அந்த ரெண்டு மணி நேரம்தான் நான் வலிக்குதுன்னு வாய்விட்டு அழ முடியுது'ன்னு சொன்னாங்க."