எண்ணிலடங்காத குழந்தைகள்

அந்தத் தையல் கம்பெனியில் பெண்கள் தாராளமாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். கம்பெனி ஒருபோதும் குறுக்கே நின்றதில்லை. விடுப்பு முடிகிற திங்கட்கிழமை மெஷினில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். உட்காராவிட்டால் வேறொருத்தி உட்காருவாள்.

சட்டைக்குக் காலர் வைப்பதால் காலர்க்காரி என்று பெயர் வாங்கியவளுக்கும் அந்தத் திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவள் மாதிரி பேசுவாள். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்துத் தெருவிலிருந்த நாத்தனாரோ, தனக்கு இடுப்புவலி என்று குழந்தை பிறப்பதற்கு முன்பே சொல்லிவைத்துவிட்டாள். ஆக, கம்பெனியின் கீழ்த்தளத்தில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு தொட்டில் கிடைத்தால்தான் சோறு.

அந்தச் சமயம் பார்த்து ஊரெங்கும் மக்கள்தொகைக் கோட்பாடு பரவியிருந்தது. மக்களை எண்ணுகிறவர்கள் தங்கள் பாட்டுக்கு வைத்திருந்த சமாச்சாரத்தை எல்லா ஆராய்ச்சிக்காரர்களும் இரவல் வாங்கிக்கொண்டார்கள். காட்டு இலாகா மானுக்கு வைத்துப் பார்த்தது, ஆஸ்பத்திரி கிருமிக்கு வைத்துப் பார்த்தது. அதுவரை தப்பில்லை. நூலகத்தில் புத்தகங்கள் குறைந்துபோனதை ஆராய்ந்து, புத்தகங்களின் இறப்பு விகிதம் பிறப்பு விகிதத்தை விஞ்சிவிட்டது என்று அறிக்கை கொடுத்தார்கள். திருடியவனைத் தேடும் அலைச்சல் மிச்சம். பஸ் வராத தெருக்களில், பஸ்கள் பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்துவிட்டதாகக் கண்டுபிடித்தார்கள்.

கம்பெனி மட்டும் பின்தங்கலாமா? காப்பகத்துக்கு ஒரு நிபுணரைப் போட்டது. குளத்து மீன்களை எண்ணியே டாக்டர் பட்டம் வாங்கியவர். பெண்கள் அவருக்கு மீன் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

காலர்க்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றபோது, உள்ளே பாதித் தொட்டில்கள் காலியாக ஆடிக்கொண்டிருந்தன.

"இடமில்லையேம்மா" என்றார் மீன் டாக்டர், நிஜமான வருத்தத்தோடு.

"அதோ… காலியா இருக்குங்களே சார்."

"நீ பாக்கறது கண்ணால. நான் சொல்றது கோட்பாட்டால."

பிறகு பொறுமையாக விளக்கினார். குளத்தில் எத்தனை மீன் என்று யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. வலையில் சிக்கியதற்கெல்லாம் புள்ளி வைத்துத் திரும்ப விட்டுவிட வேண்டும். மறுநாள் மறுபடி வலை போட வேண்டும். சிக்கியதில் புள்ளி வைத்த மீன் நிறைய இருந்தால் குளத்தில் மீன் கொஞ்சம். புள்ளி மீன் அபூர்வமாக வந்தால் குளம் நிறைய மீன். இந்த முறைப்படி அவர் காப்பகத்துக் குழந்தைகளின் குதிகாலில் நீலப் புள்ளி வைத்து, சாயங்காலம் தாய்மார்களிடம் விட்டிருக்கிறார். மறுநாள் காலை பிடித்துப் பார்த்தால் ஒரு காலிலும் புள்ளி இல்லை.

"அப்படின்னா என்ன அர்த்தம்? முந்தின நாள் வந்த குழந்தை ஒண்ணுகூட மறுநாள் வரல. எல்லாம் வேற வேற குழந்தைங்க. இந்தக் கட்டடத்துல குழந்தைங்க எண்ணிலடங்காம இருக்கு. அதுல உன்னுதையும் சேத்தா தாங்குமா?"

ராத்திரி குளிப்பாட்டியிருப்பார்கள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவர் பட்டம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. நாக்கு திரும்பிப் போய்விட்டது.

வாசலில் காப்பகத்து ஆயா அவள் காதைக் கடித்தாள். நாளை மறுபடி புள்ளி வைக்கப் போகிறாராம், ஏதாவது செய்யேன் என்றாள். காலர்க்காரி அன்றே பழைய சிநேகிதியிடம் சொல்லி, துணிக்கட்டுகளில் அடையாளம் போடுகிற, எத்தனை துவைத்தாலும் போகாத மையை ஒரு சீசாவில் வாங்கிவந்தாள். மறுநாள் ஆயா அதை டாக்டரின் மைக்கூட்டில் ஊற்றினாள். புள்ளி வைக்கிற நேரம் பார்த்து, காலர்க்காரியின் பிள்ளையையும் கூட்டத்தோடு கூட்டமாகப் படுக்கவைத்தாள். டாக்டருக்குக் குழந்தைகளின் முகம் தெரியாது. அவருக்குக் குதிகால் போதும்.

அன்று ராத்திரி தாய்மார்கள் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். மறுநாள் எல்லாக் காலிலும் புள்ளி அப்படியே இருந்தது. டாக்டர் கணக்குப் போட்டார், நம்பாமல் மறுபடியும் போட்டார். எண்ணிலடங்காமல் இருந்த குழந்தைகள் ஒரே வாரத்தில் பதினொன்றாகிவிட்டன.

இனி இடம் கிடைத்துவிடும் என்று வாசலில் நின்றவளிடம் அவர் ஈனக் குரலில் சொன்னார்: "இது அழிஞ்சிட்டு வர்ற இனம்மா."

மேலிடத்துக்கு அவசரச் செய்தி பறந்தது. அதுவரை காப்பகத்து மின்விசிறி சுற்றவில்லை என்று ஆயா பல வருஷமாகச் சொல்லியும் எட்டிப்பார்க்காத மேலிடம், அன்று மத்தியானமே படை பரிவாரத்தோடு வந்து இறங்கியது. குழந்தைகளுக்கு மின்விசிறி தருவதற்கு விதியில் இடமில்லை. அருகிவரும் உயிரினத்துக்குக் குளிர்சாதனமே தரலாம். இரண்டு வேளை பால், பழம், வைத்தியர், வாசலில் காவலாள், எல்லாம் வந்தன. "பாதுகாக்கப்பட்ட பகுதி" என்று பலகையும் மாட்டினார்கள். எண்ணிக்கையில் காலர்க்காரியின் பிள்ளையும் இருந்ததால் அவனைக் கைவிட முடியாது என்று கண்டிப்பான உத்தரவு. திங்கட்கிழமை அவள் நிம்மதியாக மெஷினில் உட்கார்ந்தாள்.

பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தது. வந்து பார்த்த நாத்தனார் இடுப்புவலியை மறந்து வெகுநேரம் அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தாள். "ஏன்டி, என் மாமியாருக்கும் காலில ஒரு புள்ளி வெச்சா இங்க சேத்துப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் ஒருநாள் சாயங்காலம், பொத்தான் தைக்கிற பெண் கைக்குழந்தையோடு பலகைக்கு அடியில் நின்றாள். அவள் விடுப்பும் முடிகிறதாம். உள்ளே தொட்டில்கள் காலியாகத்தானே இருக்கின்றன, அக்கா ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்றாள்.

காலர்க்காரி அந்தக் குழந்தையைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. தன் பிள்ளையின் பால் கிண்ணத்தையும் பார்த்தாள். வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினாள்.

"கஷ்டம்தான்மா, எனக்குப் புரியாம இல்ல. ஆனா இன்னும் ஒண்ணு ரெண்டு சேந்துச்சுன்னு வையி, எங்க பிள்ளைங்க மறுபடி வெறும் குழந்தைங்களா ஆயிடும்."