சுவாமிகள் கண் திறந்தால் ஊர் எரியும்

ஞானலோசன சுவாமிகள் கண் திறந்தால் கோலாலம்பூர் சாம்பலாகிவிடும். இதில் சந்தேகமே கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸ் செங்கல் சூளைக்காரர்கள் சொன்னார்கள். ரயில்வே பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். அரசாங்க அலுவலகத்தில் இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிற கனவான்கள் எல்லாரையும்விட உரக்கச் சொன்னார்கள். ஊர்மேல் கொண்ட கருணையால் சுவாமிகள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டே காலம் கழித்தார். சாப்பிடும்போதும் திறப்பதில்லை. மூன்று உலகமும் தெரிகிற ஞானக்கண்ணுக்கு இலையில் அப்பளம் எந்தப் பக்கம் என்பது மட்டும் புலப்படாது. சீடன் தம்புசாமி கையைப் பிடித்து வைப்பான்.

சுவாமிகளின் தொழில் ஊரை எரிப்பதல்ல, நோயைக் கண்டுபிடிப்பது. அந்த வருஷம் எங்கு பார்த்தாலும் பேதி, அம்மை என்று பயம். வீட்டில் முடியாமல் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஆயா வைக்கிற குடும்பங்கள், வருகிறவள் சேலைத் தலைப்பில் எந்த நோயை முடிந்துகொண்டு வருகிறாளோ என்று நடுங்கின. தண்ணீர் தேங்கிய இடத்தில் கொசு. பயம் தேங்கிய இடத்தில் சாமியார்.

சோதனை சுலபமானது. சுவாமிகளின் இருபுறமும் இரண்டு பாய் விரித்திருக்கும். ஆயாவைத் தம்புசாமி ஒரு பாயில் உட்காரவைப்பான். சுவாமிகள் மைச்சிமிழில் விரலை விட்டு அவள் கீழிமையில் மந்திர மை தீட்டுவார். கண் சும்மா இருந்தால் அவள் சுத்தம். கையில் கறுப்புக் கயிறு கட்டி வேலைக்கு அனுப்பலாம். கண் எரிந்து நீர் கொட்டினால் உடம்புக்குள் தொற்று, துரத்திவிட வேண்டியது. அப்புறம் வீட்டாருக்கெல்லாம் அதே சிமிழிலிருந்து 'ரட்சை மை'. அதே கை. நடுவில் கழுவுவது உண்டா என்று கேட்காதீர்கள். மந்திரம் கரைந்துவிடாதா?

இதில் இன்னோர் அதிசயம். தம்புசாமி பிடித்து வந்த ஆயாக்களின் கண் ஒருநாளும் கலங்கியதில்லை. வேறு யார் கூட்டி வந்தாலும் ஆறாய் ஓடும். ஆயா பிடித்துக்கொடுத்துத் தரகு வாங்குவதுதான் தம்புசாமியின் பிழைப்பு என்பதும் ஊருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் யாருக்கும் அவகாசமில்லை.

வீரசிங்கம் அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கடுதாசியைக்கூட இஸ்திரி போட்டது போல் மடிப்பவர். கைக்குட்டையை மட்டும் வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவார். அவருடைய தகப்பனார் கந்தப்பு கிள்ளானில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அறளை பெயர்ந்து, மகன் யார், மருமகள் யார் என்பதெல்லாம் மறந்துவிட்டது. ரயில் மட்டும் மறக்கவில்லை. எதிரே யார் வந்தாலும் டிக்கெட் கேட்பார். சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வார்.

அவரைச் சாப்பிட வைக்க நல்லம்மாள் ஒருத்தியால்தான் முடிந்தது. ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயத்துக்காரி. வீரசிங்கத்தின் மனைவி இராசேஸ்வரி தேடிப் பிடித்த ஆள். கவளத்தை உருட்டி, "பெரியய்யா, சிக்னல் விழுந்துடுச்சு, வண்டி வருது, வழி விடுங்க" என்பாள். ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை மறிப்பாரா? வாய் திறக்கும். கவளம் உள்ளே போகும். எலும்பும் தோலுமாக இருந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார்.

இராசேஸ்வரிக்கும் தொற்றுப் பயம் உண்டு. அதற்காகப் பின்வாசலில் சவுக்காரமும் வெந்நீரும் வைத்திருந்தாள். நல்லம்மாள் முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் கிழவரைத் தொடுவாள். வீரசிங்கத்துக்கு இது போதவில்லை.

"இஞ்சாரும், லயத்திலை இருந்து வாறவள். அப்புவுக்குப் பேதி கீதி தொத்தினா என்ன செய்யிறது? சுவாமியைக் கூப்பிட்டுச் சோதிக்கப் போறன்."

"கூப்பிடுங்கோ. அவரையும் பின்வாசலாலை வந்து கை கழுவிப்போட்டு வரச் சொல்லுங்கோ."

"விசர்க்கதை கதையாதையும்! ஞானியளுக்குச் சவுக்காரமோ?"

சுவாமிகள் முன்வாசல் வழியாகவே எழுந்தருளினார். தெருவே திரண்டு வந்து ஜன்னலில் தொங்கியது. தம்புசாமி பாய்களை விரித்தான். நல்லம்மாள் இடப்புறம் உட்கார்ந்தாள். சுவாமிகளின் சுண்டுவிரல் அவள் இமையைத் தொட்டதும், "ஐயோ, எரியுதும்மா!" என்று அலறிக்கொண்டு பின்வாசல் குழாய்க்கு ஓடினாள். முகத்தை மறுபடியும் மறுபடியும் கழுவினாள்.

"நோய்!" என்றார் சுவாமிகள். "மூட்டை மூட்டையாக நோய்!"

ஜன்னல்கள் பின்வாங்கின. நல்லம்மாள் அன்றைக்கே வெளியேற்றப்பட்டாள். அடுத்து ரட்சை மை. வீரசிங்கம் முகத்தை நீட்டினார். "எல்லாரும் பூசவேணும்" என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் இராசேஸ்வரியும் நீட்டினாள். கடைசியில் விரல் கந்தப்புவிடம் வந்தது.

"டிக்கெட் எங்கை?" என்றார் கந்தப்பு.

சுவாமிகள் புன்னகைத்தார். "நாம் பிறவிப் பயணத்துக்கே டிக்கெட் வாங்காதவர், குழந்தாய்."

"அப்ப இறங்கும்!" என்று கிழவர் சுருட்டி வைத்திருந்த பச்சைக் கொடியால் அந்தக் கையில் ஓங்கி ஒன்று வைத்தார். அவ்வளவு கூட்டத்தில் சரியான கேள்வி கேட்டவர் புத்தி பேதலித்தவர் ஒருவர்தான். மை அவர் கண்ணில் படவில்லை.

நல்லம்மாளின் இடத்துக்குத் தம்புசாமி அனுப்பிய புஷ்பவல்லி வந்தாள். பண்டமாரான் பக்கத்துப் பெண். பாவம், சூதுவாது தெரியாது. கிழவர் அவளிடம் வாய் திறக்கவில்லை. "சாப்பிடுங்க தாத்தா" என்று கெஞ்சினாள். எந்த வண்டியும் வராத ஸ்டேஷனில் அவர் எதற்கு வழி விடுவார்? தேறிய உடம்பு மறுபடி வற்றியது. தண்ணீர்கூட வாயோரமாக வழிந்தது.

இதற்கிடையில் கண்வலி வந்தது. வீரசிங்கத்துக்கு வந்தது, இராசேஸ்வரிக்கு வந்தது, புஷ்பவல்லிக்கு வந்தது. தெருவில் மை பூசிய வீடு ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்ணெல்லாம் கோவைப்பழம். காலையில் எழுந்தால் இமை பிரியாது. ஜனங்கள் அலறிக்கொண்டு சுவாமிகளிடம் ஓடினார்கள்.

"நோய் கண் வழியாக வெளியேறுகிறது. இன்னொரு தரம் பூசிக்கொள்ளுங்கள்" என்றார் அவர்.

பூசிக்கொண்டார்கள்!

வீரசிங்கம் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். "எல்லாம் அந்த நல்லம்மாள் விட்டுட்டுப் போன தொத்து."

"அப்ப முதல்லை ஆருக்கு வந்திருக்கவேணும்? அவள் ஊட்டி, துடைச்சு, குளிப்பாட்டின மாமாவுக்கெல்லோ? மாமாவின்ரை கண்ணைப் பாருங்கோ, பளிங்கு. காலமை பாசாரிலை அவளையும் கண்டனான். அவளுக்கும் ஒண்டுமில்லை. மை பூசாததும் பூசினதைக் கழுவினதும் அவை ரெண்டு பேர்தான்."

"உமக்கு உதுகள் விளங்காது."

இராசேஸ்வரி அதற்குமேல் கணவரோடு மல்லுக்கட்டவில்லை. அடுப்படியில் புஷ்பவல்லியிடம் கேட்டாள்.

"உமக்கு மை பூசேக்கை எரியேல்லையோ, பிள்ளை?"

"இல்லக்கா. தம்புசாமி அண்ணன் எங்களை எப்பவும் வலது பாயிலதான் ஒக்கார வைப்பாரு. அங்க ஆள்காட்டி வெரலு. எடது பாயின்னா சாமி சுண்டுவெரலால பூசுவாரு. ஏன்னு கேட்டேன், 'ஒனக்கெதுக்கு லா'ன்னுட்டாரு."

அடுத்த வெள்ளிக்கிழமை சுவாமிகளின் கொட்டகையில் எள் போட்டால் விழாது. தம்புசாமியை மட்டும் காணோம். அவனுக்கும் கண்வலி; வீட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தான். சீடன் இல்லாத குறையைத் தீர்க்க இராசேஸ்வரி முன்வந்தாள். முகம் பார்க்கக் கூசுகிற அளவுக்குச் சிவந்து ஒழுகும் கண்களோடு அவளே போய் வலது பாயில் உட்கார்ந்தாள். புஷ்பவல்லியை இடது பாயில் உட்காரவைத்தாள்.

"சுவாமி, ரெண்டு பேர் வந்திருக்கினம். சோதியுங்கோ."

ஆள்காட்டி விரல் இராசேஸ்வரியின் இமையைத் தடவியது. சுவாமிகள் தலையசைத்தார். "கங்கை! இவள் உடம்பில் எள்ளளவும் தொற்றில்லை. சமையல், நோயாளி, குழந்தை, எந்த வேலைக்கும் நம்பி வைக்கலாம். நல்ல ஆயா."

கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த வீரசிங்கம் இருமினார். பெரிய கிராணியின் மனைவி ஆயாவாகிவிட்டாள். அவள் கண்ணிலிருந்து வழிகிறதைக் கொட்டகை முழுவதும் பார்த்தது.

சுண்டுவிரல் புஷ்பவல்லியைத் தொட்டது. "ஆத்தாடி!" என்று அவள் துள்ளினாள்.

"விலகுங்கள்! பேதியும் அம்மையும் சேர்ந்து குடியிருக்கிற உடம்பு இது!"

"சாமி! நாந்தான் புஷ்பவல்லி! நீங்கதானே சுத்தம்னு கயிறு கட்டுனீங்க, இந்தா கையில கெடக்கு!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

இராசேஸ்வரி எழுந்தாள். "சுவாமி, உங்கடை சுண்டுவிரலை உங்கடை கண்ணிலை ஒருக்கா வையுங்கோ பாப்பம்."

சுவாமிகள் கையை மடியில் ஒளித்தார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற நல்லம்மாள் வந்து அந்தக் கையை வெளியே இழுத்து முகர்ந்தாள். "மொளகாச் சாறு! நகத்துக்குள்ள வெதைகூட இருக்கு."

"என்னைத் தொடாதீர்கள்! கண்ணைத் திறப்பேன்! ஊர் எரிந்துவிடும்!"

சூளைக்காரர் ஒருவர் பெஞ்சுக்கு அடியில் புகுந்தார். நெருப்போடு பிறந்து வளர்ந்தவர் அவர். வீரசிங்கம் வாசலைத் தேடினார்.

"திறவுங்கோ" என்றாள் இராசேஸ்வரி.

சுவாமிகள் திறக்கவில்லை. புருவம் ஏறியது, நெற்றி சுருங்கியது, கன்னம் துடித்தது. கண் மட்டும் அசையவில்லை. இராசேஸ்வரி கூட்டத்தைப் பார்த்தாள். பின்பு கணவரையும் பார்த்தாள்.

"லயத்துப் பொம்பிளையின்ரை கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவ வைச்சம். இந்தச் சுவாமியின்ரை கையைக் கண்ணிலை ஒற்றிக்கொண்டம். படிச்சனாங்கள் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறம். மண்டைக்குள்ளை இருக்கிறதை எப்ப எடுத்துப் பாவிக்கப் போறம்?"

படித்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லம்மாள் செம்பில் வெந்நீர் கொண்டுவந்தாள். துணியை நனைத்துச் சுவாமிகளின் இமைகளை மெல்ல ஒற்றினாள். யாராயிருந்தாலும் நோயாளி நோயாளிதானே. "அசையாதீங்க சாமி, வலிக்கும்." கண்கள் திறந்தன. மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தன. கோலாலம்பூர் எரியவில்லை. வாசலில் நின்றவன் உதட்டில் இருந்த, பற்றவைக்காத சுருட்டுகூடப் பற்றிக்கொள்ளவில்லை.

பிறகு அவள் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு நேரே கந்தப்புவிடம் போனாள். "பெரியய்யா, சிக்னல் விழுந்துடுச்சு." அன்று மத்தியானம் அவர் எட்டு நாள் பசியையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

சுவாமிகள் இத்தனை நாளாகக் கண்ணை மூடியிருந்தது தவத்தால் அல்ல. பீளை ஒட்டிக்கொண்டிருந்தது.