தொண்டை கட்டிய போட்டோக்காரர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டுடியோ ஷட்டரை இழுத்து மூடும்போதே போட்டோக்காரர் தீர்மானம் பண்ணிவிட்டார். ராத்திரி சாப்பாட்டுக்குள் தன் தொண்டை கட்டிக்கொண்டே தீர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைவரை அது திறக்கக் கூடாது.

லேசுப்பட்ட தீர்மானமா அது? தெருவுக்கே தெரிந்த தொண்டை ஐயா. குரூப் போட்டோவில் பின்வரிசைக்காரன் நெளிந்தால் போதும், இவர் போடுகிற அதட்டலில் எதிர்க்கடைக்காரர் நிமிர்ந்து உட்காருவார். மனுஷன் தூக்கத்தில் பேசினால்கூட ரெண்டு பேர் பேசுகிற மாதிரி இருக்கும் என்று அவர் பெண்சாதியே சொல்லியிருக்கிறாள்.

எல்லாம் பள்ளிக்கூடத்தால் வந்த வினை. மகள் சிட்டு மூன்றாம் வகுப்பு. அங்கே ஒரு இங்கிலீஷ் டீச்சர். பிள்ளைகள் அழகாக எழுதுகிறார்கள், வாயைத் திறந்து பேசச் சொன்னால் மட்டும் நாற்பது வாயும் பூட்டிக்கொள்கிறது. டீச்சர் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தாள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு அப்பாவோ அம்மாவோ வகுப்புக்கு வந்து பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும். இந்த வாரம் சிட்டு வீட்டு முறை.

செய்தி வந்த அன்றே போட்டோக்காரர் மாடிப்படியில் நின்று மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி முழங்கினார். "பத்து நிமிஷம் எனக்கு எப்படிப் பத்தும்?"

உண்மை என்னவென்றால், அவரிடம் இருந்த இங்கிலீஷ் மொத்தமே ஐந்து வரி. சிட் ஸ்ட்ரெய்ட். சின் அப். லுக் ஹியர். டோன்ட் மூவ். ஸ்மைல் ப்ளீஸ். போன வருஷம் பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்க, இவர் பதறிப்போய் "ஸ்மைல் ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டார். அவரும் பாவம், சிரித்துவிட்டார். தப்பித்தது தம்பிரான் புண்ணியம்.

ஆகவே, தொண்டை. குரல் போய்விட்டால் பெண்சாதிதானே போயாக வேண்டும்? அவள் மருந்துக்கடையில் நாளெல்லாம் வாயில் நுழையாத மாத்திரைப் பேரையே தண்ணீர் பட்ட பாடாகச் சொல்கிறவள். இங்கிலீஷ் என்ன பிரமாதம்!

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்டாள். "ஏங்க, நாளைக்கு எந்தச் சட்டை போடப் போறீங்க?"

போட்டோக்காரர் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "க்க்... ஹ்ஹ்..."

"என்னங்க, பல்லியை முழுங்கிட்டீங்களா?"

தலையை ஆட்டினார். தொண்டையைக் காட்டினார். கையை விரித்தார்.

"கட்டிக்கிச்சா? வாயைத் திறங்க பாக்கலாம்."

டார்ச் அடித்து ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். 

"அடக் கடவுளே! இப்படிச் சிவந்து கிடக்கே! ஒரு வார்த்தை பேசக் கூடாது, சொல்லிட்டேன். பேசினா குரல் ஒரேயடியாப் போயிடும்."

போட்டோக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நடிப்பு என்றால் இதுவல்லவா நடிப்பு? தொண்டையே நம்பிச் சிவந்துவிட்டதே!

சாப்பாட்டு நேரத்தில் வழக்கமாக வீட்டில் ஒரு பரீட்சை நடக்கும். "சிட்டு, ஜன்னலுக்கு இங்கிலீஷ்ல என்ன? சொல்லு, சொல்லு... தப்பு!" அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே தப்பு வந்துவிடும். நாலாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடமும் இங்கிலீஷில்தான். தன்னைப் போல மகளும் அங்கே போய் முழித்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்கிற பயம் அவருக்கு. பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் சிட்டு வாயைச் சோற்றுக்கு மட்டும் திறக்கப் பழகிவிட்டாள்.

அன்றைக்குப் பரீட்சை இல்லை. சிட்டு அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். தப்பு வரவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், பக்கத்துப் பெஞ்சுக்காரி பல் விழுந்தது, டீச்சரின் குடை பறந்தது என்று கை கழுவுகிறவரை ஓயவில்லை. தன் மகள் இவ்வளவு பேசுவாள் என்று போட்டோக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாப்பிட்டதும் பெண்சாதியைச் சுட்டிக்காட்டி, பள்ளிக்கூடம் இருக்கிற திசையைக் காட்டினார்.

"நானா? நாளைக்கு எனக்குக் கடையில லீவு கிடையாதுங்க. இருங்க, டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனவள் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள்.

"டீச்சருக்கு ஒரே சந்தோஷம்!"

என்ன என்று புருவத்தைத் தூக்கினார்.

"இதுவரைக்கும் வந்த பெத்தவங்க எல்லாரும் அவங்க பாட்டுக்குப் பேசிட்டுப் போயிட்டாங்களாம். பசங்க வாயே திறக்கலை. அதனால வாயைத் திறக்காத ஒரு ஆளைத்தான் தேடிட்டு இருந்தாங்களாம். பசங்க இங்கிலீஷ்ல சொல்லணும், வந்தவர் அதைச் செய்யணும். குரல் போன அப்பா கிடைச்சது அதிர்ஷ்டம்னாங்க."

போட்டோக்காரர் துள்ளி எழுந்து வாயைத் திறந்தார்.

"உஷ்! குரல்!"

ரெண்டு கையையும் ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

"நன்றி சொல்லணுமா? அதெல்லாம் நான் சொல்லிட்டேன். இந்தாங்க, கசப்பா இருக்கும், மூக்கைப் பிடிச்சுட்டுக் குடிச்சிடுங்க."

மறுநாள் வகுப்பில் நாற்பது ஜோடிக் கண்ணுக்கு நடுவில் போய் நின்றார். டீச்சர் சின்னப் பெண். கத்திக் கத்தி அவளுக்கு நிஜமாகவே தொண்டை கட்டியிருந்தது.

"இந்த அங்கிளால பேச முடியாது. இங்கிலீஷ்ல சொன்னா எதுவும் செய்வார். தமிழ்ல சொன்னா நகர மாட்டார்."

பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஜம்ப்!"

குதித்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து ஓடியது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஓபன் தி டோர்! குளோஸ் தி டோர்! ஒருத்தி "ரன்" என்றாள், அவளுக்கு "ஸ்டாப்" மறந்துபோய்விட்டது. போட்டோக்காரர் வகுப்பைச் சுற்றிச் சுற்றி ஓடினார். தப்பாகச் சொன்னதையும் குத்துமதிப்பாகச் செய்தார். தப்பு என்று சொல்ல வாய் வேண்டுமே!

சிட்டு மட்டும் மூன்றாவது பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க நின்று மகளைப் பார்த்தார். சொல்லுடா கண்ணு என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியிருந்தால் அவள் இன்னும் குனிந்திருப்பாள். அது அவருக்கே அப்போது உறைத்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

சிட்டு மெல்ல எழுந்தாள்.

"அப்பா... சிட் ஸ்ட்ரெய்ட்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சின் அப். லுக் ஹியர்."

அட, நம்ம சரக்கு! ஸ்டுடியோ மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவள் கேட்டதெல்லாம்!

"டோன்ட் மூவ்." ரெண்டு கையையும் கேமரா மாதிரி கண்ணருகே வைத்துக்கொண்டாள். "ஐ ஆம் டேக்கிங் யுவர் போட்டோ, அப்பா."

இந்த வரி அவருடையது இல்லை. அவர் கேட்டதே இல்லை. அவளாகவே கட்டிய வரி.

"ஸ்மைல் ப்ளீஸ்."

ஊரையெல்லாம் சிரிக்க வைத்த மனுஷனுக்கு அந்தச் சிரிப்பு வரமாட்டேன் என்றது. வாய் ஒரு பக்கம் கோணியது, கண் ரெண்டும் குளமாகிவிட்டது.

சாயங்காலம் பெண்சாதி வேலை முடிந்து வந்ததும் வாசற்படிக்கே ஓடினார். "இந்தாம்மா! நம்ம சிட்டு பேசிட்டா! முழுசா ஒரு வரி, அவளே..."

அப்படியே நின்றார். தொண்டை!

"பரவாயில்லையே, மருந்து நல்லா வேலை செய்யுது" என்றாள் அவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"உனக்குத்... தெரியுமா?"

"தினமும் எத்தனை தொண்டையைப் பாக்கறேன். உங்களுது மாதிரி ஆரோக்கியமான தொண்டையை நான் பார்த்ததே இல்லைங்க."

"அப்புறம் ஏன் சிவந்திருக்குன்னே?"

"வேற எப்படி உங்க வாயை மூடறது? நீங்க மூடினாதானே அவ திறப்பா?"

"அப்ப டீச்சரோட அந்த யோசனை..."

"போன வாரமே நான் போய்ச் சொல்லிட்டு வந்தது. நீங்க எந்த வியாதியோட வருவீங்கன்னுதான் தெரியலை. கால் சுளுக்குன்னு சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் சிரமம்."

போட்டோக்காரர் அசடு வழிந்தார். ஆனாலும் விடுவாரா? "சரி போகட்டும். அதான் பேசிட்டாளே, இனிமே நான் பார்த்துக்கறேன். சிட்டு, இங்க வா! ஜன்னலுக்கு இங்கிலீஷ்ல..."

"டோன்ட் டாக், அப்பா" என்றாள் சிட்டு உள்ளேயிருந்து. "ஸ்மைல் ப்ளீஸ்."

போட்டோக்காரர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.