உடுத்தி முடியாதவர்

உங்களுக்கு இன்று ஓர் உயிரினத்தை அறிமுகம் செய்துவைக்கிறேன். மலைப்பாங்கான ஊர்களில், அதிலும் வருடத்தில் பாதி நாள் குளிரும் மழையும் கைகோத்துக்கொண்டு வருகிற ஊர்களில், இது செழித்து வளரும். இரண்டு கால், இரண்டு சக்கரம், ஏழெட்டு மேலுடுப்பு. மழையில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும். இதில் ஒரு சிறு திருத்தம் தேவை. பதிவு என்று வந்துவிட்டால் சரியாக இருக்க வேண்டும் அல்லவா? இவர் மழையில் மலைச் சைக்கிள் ஓட்டுவதற்காக உடுத்துகிறவர். ஓட்டுவதற்கும் உடுத்துவதற்கும் நடுவே ஒரு மலையே நிற்கிறது.

அடையாளம் காண்பது எளிது. மழை வந்தால் சாதாரண மனிதர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். இவர் உங்கள் சட்டையைப் பார்ப்பார். பார்ப்பதோடு நிற்க மாட்டார், முழங்கைப் பக்கம் இரண்டு விரலால் துணியைப் பிடித்து, கசக்கி, விட்டு, உதட்டைப் பிதுக்குவார். "பருத்தியா?" என்பார். நல்ல குடும்பத்தில் பிறந்து இப்படி ஆகிவிட்டாயே என்கிற வருத்தம் அந்த ஒரு சொல்லில் இருக்கும். ஒருமுறை, தூறலில் நடந்த ஓர் அடக்கத்தின்போது, குழியருகே நின்று அழுதுகொண்டிருந்த இறந்தவரின் தம்பி பக்கம் சாய்ந்து, "இந்தக் கோட்டு தாங்காதுங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல தோள்பட்டையில தண்ணி இறங்கிடும்" என்று காதோடு சொன்னார். சொன்னபடியே இறங்கியது. அப்போது அவர் முகத்தில் தெரிந்த திருப்தியை நான் எந்தத் துக்க வீட்டிலும் பார்த்ததில்லை, சொத்தில் பங்கு வாங்க வந்திருந்தவர்கள் முகத்தில்கூட.

நான் சொல்கிற இந்த மனிதருக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. வரப்போகும் ஆபத்துகளை எடைபோட்டுச் சம்பளம் வாங்குகிறார்; வீட்டில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கிறார். சைக்கிள் நண்பர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் வெங்காயம். உரிக்க உரிக்க உள்ளே இன்னொன்று இருக்கும் என்பதால். அதை முகத்துக்கு நேரே சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர்களில் பல் டாக்டர் ஒருவர்தான். கத்திக்கும் கதறலுக்கும் பழகியவர், அவருக்கு என்ன பயம்?

வெங்காயத்தின் சித்தாந்தம் மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, வியர்வையை வெளியே தள்ள. அதன் மேல் கொஞ்சம் தடித்த ஒன்று, சூட்டைப் பிடித்துவைக்க. அதற்கும் மேல் கோட்டு, மழையை வெளியே நிறுத்த. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நியாயமும்கூட. ஆனால் நியாயமான ஒன்றை நம்மவர் கையில் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே காற்றைத் தடுக்கக் கையில்லாத மேலாடை ஒன்று வேண்டாமா? கழுத்து வழியாகக் குளிர் இறங்காதா? ஹெல்மெட்டுக்குள் ஒரு குல்லாய் இல்லாவிட்டால் காது என்ன ஆவது? இப்படியே கையுறைக்குள் ஒரு கையுறை, காலுறைக்கு மேல் தண்ணீர் புகாத காலுறை, அதற்கு மேல் ஷூ, ஷூவுக்கு ஓர் உறை, அந்த உறை நழுவாமல் இருக்க ஒரு பட்டை, பட்டை உறுத்தாமல் இருக்க ஒரு துண்டுத் துணி என்று போய்க்கொண்டே இருக்கும். "கிளம்பும்போது லேசாக் குளிரணும். குளிரலைன்னா அதிகமாப் போட்டிருக்கோம்னு அர்த்தம்" என்று எல்லாருக்கும் பாடம் எடுப்பவரும் அவரே. எடுத்து முடித்ததும் தனக்குக் குளிர்கிறதே என்று இன்னொன்றை மாட்டிக்கொள்வார்.

அவர் வீட்டுக்குள் வாருங்கள். சைக்கிள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. கடையிலிருந்து வரும்போது டயரில் இருந்த மெல்லிய ரப்பர் முடிகள் ஒன்றுகூடத் தேயாமல் நிமிர்ந்து நிற்கின்றன. உடுப்புகள் இருப்பது மகளின் அறை அலமாரியில். மகளின் உடுப்புகள்? கட்டிலுக்கு அடியில், ஒரு பெட்டியில். புதிதாக ஒரு கோட்டு வந்தால் சோதனை குளியலறையில் நடக்கும். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை சகிதம் ஷவருக்கு அடியில் போய் நின்றுகொண்டு கதவைத் தாழிட்டுவிடுவார்.

"என்னங்க, உள்ள என்ன பண்றீங்க? எனக்கு பக்கெட் வேணும்" என்பார் மனைவி.

"டெஸ்ட் போய்க்கிட்டிருக்கு!"

"வெளிய கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. அங்க போய் நிக்க வேண்டியதுதானே?"

"அந்த மழை ஒரு சீராப் பெய்யாது!"

இந்த அம்மையார் ஒருநாள், பாவம், நல்லெண்ணத்தில் அந்தக் கோட்டை எடுத்து, துணியை மெத்தென்று ஆக்குகிற வாசனைத் திரவம் ஊற்றித் துவைத்துவிட்டார். அந்தத் திரவம் பட்டால் தண்ணீரைத் தள்ளும் குணம் போய்விடுமாம். அன்று முழுவதும் ரோஜா மணத்தோடு கொடியில் தொங்கிய கோட்டுக்கு எதிரே அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி யாருக்கு உடம்பு முடியவில்லை என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இவருக்கு ஒரு மகள் இருக்கிறாளே. நர்ஸ் படிப்பை முடித்து, வேலை கிடைத்து, கடல் தாண்டிப் போகப்போகிறாள். திரும்பி வர வருடக்கணக்காகும். போவதற்கு முன் அவள் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஊருக்குப் பின்னால் இருக்கிற மலையின் உச்சியில் ஒரு பழைய வானொலிக் கோபுரம் உண்டு. அதுவரை அவரோடு சைக்கிளில் ஒரே ஒரு தடவை. அவளுக்கும் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்து, கூட்டிப்போகிறேன் என்று ஆசை காட்டியவர் அவரேதான்.

ஒரு ஞாயிறு, கையுறை வந்து சேரவில்லை. மறு ஞாயிறு கையுறை வந்தது, கட்டைவிரலில் இறுக்கிப் பிடித்தது. அதற்கடுத்த ஞாயிறு கையுறை, காலுறை, கட்டைவிரல் எல்லாம் சரியாக இருந்தன; மழைதான் பெய்யவில்லை. வெயிலில் போட்டுக்கொள்ள அவரிடம் எதுவுமில்லை.

கடைசி ஞாயிறும் வந்தது. செவ்வாய்க்கிழமை அவளுக்கு விமானம். குளிரும் மழையும் அவர் கேட்ட அளவிலேயே இறங்கியிருந்தன. வானம் தன் பங்கைச் செய்துவிட்டது. மகள் ஒரு பழைய ஸ்வெட்டர், அதற்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு, அவ்வளவோடு, ஒரு காலைப் பெடலில் வைத்து வாசலில் நின்றாள்.

"அப்பா, போலாமா?"

"ரெண்டே நிமிஷம்மா."

உள்ளே கட்டில்மேல் உடுப்புகள் போட வேண்டிய வரிசையில் பரப்பிக் கிடந்தன. ஒவ்வொன்றாக ஏறின. எல்லாம் மாட்டி, எல்லா ஜிப்பையும் இழுத்துவிட்டு, ஹெல்மெட் வாரைத் தாடைக்கடியில் பூட்டி, கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்ட பிறகு அவருக்கு ஒன்றுக்கு வந்தது. உள்ளே போட்டிருந்த கால்சட்டையோ தோளில் பட்டை மாட்டுகிற வகை. அதைக் கழற்ற வேண்டுமானால் அதற்கு மேல் இருக்கிற அத்தனையையும் கழற்ற வேண்டும். கழற்றினார். மறுபடி முதலிலிருந்து.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் அந்த வழியாக வந்தார். முட்டியில் சேறு, முதுகில் சேறு, மூக்கு நுனியில் ஒரு பொட்டுச் சேறு.

"என்னம்மா, உங்கப்பா இப்ப எத்தனாவது தோல்ல இருக்காரு?"

"முதல்லேர்ந்து வர்றாரு அங்கிள்."

"யோவ் வெங்காயம்! மழை நின்னுடப்போகுதுய்யா!"

ஜன்னலில் ஒரு ஹெல்மெட் எட்டிப்பார்த்தது. "உங்க காலுல இருக்கிறது பருத்தி சாக்ஸ். இங்கேர்ந்தே தெரியுது."

"என் சாக்ஸ் என்னன்னு எனக்கே தெரியாதுய்யா. வீட்டுல எடுத்துக் குடுத்தாங்க, போட்டுக்கிட்டேன். பிளாஸ்க்ல டீ இருக்கு, மேல கோபுரத்துக்கிட்ட நிக்கிறேன். ஆறதுக்குள்ள வாங்க." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு சிரத்தையும் கிடையாது. அதனால்தான் எங்கேயும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

ஒருவழியாக அப்பாவும் மகளும் புறப்பட்டார்கள். முதல் மேடு பாதி ஏறுவதற்குள் அவருக்கு உள்ளே மழைக்காலம் தொடங்கிவிட்டது. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. உள்ளிருந்து ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கோட்டு தன் கடமையை இரண்டு பக்கமும் செய்தது. நிறுத்தினார். ஒன்றைக் கழற்றி, தையல் மடங்காதபடி சுருட்டி, பையில் வைத்தார். அடுத்த வளைவில் காற்று அடித்தது. நிறுத்தி, எடுத்து மாட்டினார். அதற்கடுத்த மேட்டில் மறுபடி வியர்த்தது. மகள் கொஞ்ச தூரம் முன்னால் போவாள், திரும்பி வருவாள், அவரைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள், மறுபடி போவாள். அந்த மலையை அன்று அவள் இரண்டு தடவை ஏறியிருப்பாள்.

மரம் வெட்டுகிறவர்கள் போட்டிருந்த ஒரு தகரக் கொட்டகையை நெருங்கும்போது, மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா? அந்தக் கோட்டு எந்த மழைக்காகப் பிறந்ததோ, அந்த மழை. அதற்கு மேலே பாதை முழுவதும் சேறு. நம்மவர் கொட்டகைக்குள் ஒதுங்கினார். என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்?

கோட்டைக் கழற்றினார்.

"அப்பா! மழை இப்பத்தான் வருது, கோட்டைக் கழட்டுறீங்க?"

"சேறு தெறிக்கும்மா. சேத்தைத் தேய்ச்சுத் துடைச்சா மேல்பூச்சு போயிடும். இந்த மாதிரி கோட்டு இனிமே கிடைக்காது."

"அப்ப எந்த மழைக்குத்தான் இதைப் போடுவீங்க?"

இந்தக் கேள்விக்கு அந்த இனத்தில் யாரும் இதுவரை பதில் சொன்னதில்லை. அவர் கோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, பைக்குள் வைத்தார். அவள் கொட்டகை விளிம்பில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். பற்கள் தாளம் போட ஆரம்பித்திருந்தன.

"குளிருதுப்பா. நின்னாத்தான் குளிருது. ஓட்டினா சரியாயிடும், வாங்க."

"அதுக்குத்தான் சொன்னேன், நடு அடுக்கு இல்லாம வராதேன்னு. இப்ப நடு அடுக்கு என்ன பண்ணுதுன்னா..."

தொடங்கிவிட்டார். அவருடைய பையில் அந்த நேரத்தில் நடு அடுக்கே இரண்டு இருந்தன என்பதை இங்கே குறித்துவைக்க வேண்டும். ஒன்றை எடுத்து அவளுக்குக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் அதற்குள் விளக்கம், கம்பளி இழை எப்படி வளைந்து சூட்டைப் பிடிக்கிறது என்பதற்குள் போயிருந்தது. பாதியில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பெற்றவர் ஆயிற்றே. பிறகு உடம்பைச் சூடாக்கக் கிட்டத்தில் இருந்த ஒரே வழியைப் பிடித்தாள்: பெடலை மிதித்தாள்.

"நான் முன்னால போறேன்ப்பா. நீங்க வாங்க."

"போய்க்கிட்டே இரு. இந்த சாக்ஸை மட்டும் மாத்திக்கிறேன்."

அவள் கோபுரத்திலிருந்து பல் டாக்டரோடு இறங்கி வந்தபோது அவர் கொட்டகையிலேயே நின்றிருந்தார். ஆனால் எப்படி நின்றிருந்தார்! உலர்ந்த காலுறை, ஒழுங்கான கழுத்துப்பட்டி, ஒரு சுருக்கம்கூட இல்லாத உடுப்பு, ஒரு கால் பெடலில். புறப்பட முழுத் தயார். அவளோ தலையிலிருந்து கால்வரை சேறு.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"ஒரே மேகம்ப்பா, ஒண்ணும் தெரியல. கோபுரத்தைத் தொட்டேன். அங்கிள் டீ குடுத்தாரு. உங்களுக்கு ஒரு கப் வெச்சிருந்தோம், ஆறிடுச்சு."

"நனைஞ்சிட்டியா?"

"நனைஞ்சேன்."

"பாத்தியா!" என்றார்.

அப்படி ஒரு வெற்றி. அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிற பல் டாக்டர், ஏதோ சொல்ல வந்து, தன் வாயை மூடிக்கொண்டார். மகள் அப்பாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நெற்றியில் வழிந்த சேற்றைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"இன்னொரு தடவை ஏறலாமாப்பா? நான் வரேன். இப்ப நீங்க ரெடியாத்தானே இருக்கீங்க?"

அவர் மேலே பார்த்தார். பாதையைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். கடைசியாகத் தன் காலைப் பார்த்தார்.

"இப்ப வேணாம்மா. சாக்ஸ் இப்பத்தான் மாத்தினேன்."

செவ்வாய்க்கிழமை அவள் போனாள். போன ஊரிலும் குளிர், போன ஊரிலும் மழை. ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். அப்பா கேட்பது ஒரே கேள்வி: "என்ன போட்டிருக்க?" பதிலைக் கேட்டுக்கொண்டு, "அடுத்த தடவை வரும்போது கண்டிப்பாப் போலாம், அதுக்குள்ள ஒரு நல்ல கையுறை பாத்து வெக்கிறேன்" என்று சொல்லி, மனைவியிடம் போனைக் கொடுத்துவிடுகிறார். அவளுடைய அறை இப்போது காலிதான். கோட்டுகளை மடிக்காமல் தொங்கவிட முடிகிறது.

நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள். உங்களிடம் சைக்கிளும் இல்லை, மலையும் இல்லை, கம்பளி பட்டால் உங்களுக்கு அரிக்கும். நல்லது. ஆனால் படித்துக்கொண்டு வரும்போது, 'பின்சக்கரத்துக்கு நீளமாக ஒரு மட்கார்டு போட்டிருந்தால் கோட்டைக் கழற்றவே வேண்டாமே' என்று உங்கள் மனம் ஒரு யோசனையை எடுத்து நீட்டியதா? நீட்டியிருந்தால் உங்களையும் இந்த இனத்தில் சேர்த்துக்கொண்டேன்; பிற்பாடு மறுக்க வேண்டாம். நீட்டவில்லை என்கிறீர்களா? இருக்கட்டும். வேறொன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தைப் பிரித்து உட்கார்ந்தபோது உங்களோடு வெளியே போகச் செருப்பை மாட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். இதை மட்டும் படித்துவிட்டு வருகிறேன் என்றீர்கள். படித்தாயிற்று. இன்னும் நிற்கிறாரா, எட்டிப் பாருங்கள்.