தண்டவாளத்துக்கு முன்னால் வருகிறவர்

அதிவேக ரயில் ஓர் ஊருக்கு வந்து சேரப் பத்து வருஷம் பிடிக்கும். அதிவேக ரயில் அபிமானி வந்து சேர ஒரே ஓர் அறிவிப்புப் போதும். மறுநாள் காலையில் முளைத்துவிடுவார். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், கவனியுங்கள். "எவ்வளவு தூரம்?" என்று நீங்கள் கேட்டால் "எத்தனை நிமிஷம்னு கேளுங்க" என்று திருத்துவார். மாடிப்படியில் உங்களை மடக்கி, உங்கள் கையில் பால் பாக்கெட் சொட்டுவதையும் பாராமல், மூன்றே முக்கால் மணி நேரப் பயணம் எப்படி ஐம்பத்தைந்து நிமிஷமாகச் சுருங்கப் போகிறது என்பதை ஒரு மணி நேரம் விளக்குவார்.

நம்முடையவர் பல் டாக்டர். இந்த இனத்துக்கு இதைவிடத் தோதான தொழில் உண்டா? நாற்காலியில் மல்லாந்து, வாயைப் பிளந்து, கன்னத்தில் பஞ்சு அடைத்துக் கிடக்கிறவரிடம் வாதாடினால் யார்தான் தோற்பார்கள்?

"இவ்வளவு செலவு பண்ணி இந்த வண்டி தேவையா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

"ஆ... ங்ங..."

"அதத்தான் நானும் சொல்றேன்!"

பத்து வருஷமாக ஒருவர்கூட மறுத்துப் பேசாததால், ஊரே தன் பக்கம் என்று டாக்டர் மனதார நம்பினார். ஒரே ஓர் ஆள் பாக்கி: மனைவியின் தம்பி, கணக்கு வாத்தியார். முப்பத்திரண்டு பல்லும் முத்துப் போல. ஒன்றில்கூடச் சொத்தை கிடையாது. அந்த நாற்காலிக்கு அவரைக் கொண்டுவர வழியே இல்லை.

வாத்தியாரும் ஓர் இனம்தான், பக்கத்து இனம். இவர்களுக்கு எந்த வாக்கியமும் 'அந்தக் காசுக்கு' என்றுதான் தொடங்கும். அந்தக் காசுக்கு எத்தனை பஸ் விடலாம், எத்தனை பள்ளிக்கூடத்துக்கு ஒழுகாத கூரை போடலாம், எத்தனை ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கலாம்! ஆதாரத்துக்குச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுச் சாக்பீஸ். மேஜை, சுவர், கார் கதவு, எது கிடைத்தாலும் வகுத்துக் காட்டிவிடுவார்.

ஆனால் டாக்டருக்கு இது வெறும் வாய்ச்சவடால் இல்லை, பாவம். ஒரே மகள் வேறு ஊரில் படிக்கிறாள். பழைய ரயிலை நம்பி அவள் பரிசு வாங்கியதைக் கோட்டை விட்டார். பட்டம் வாங்கியதையும் கோட்டை விட்டார். இப்போது முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருஷம் வௌவாலின் காதை ஆராய்ந்துவிட்டு, அறிஞர்கள் முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போகிறாள். குடும்பத்தாரும் வந்து உட்காரலாம். பகல் பன்னிரண்டு மணி.

"இந்தத் தடவையும் லேட்டா வந்தீங்க, அதுக்கப்புறம் என்கிட்ட ரயிலப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாதுப்பா" என்றாள் போனில்.

தூக்குத் தண்டனைகூட இதைவிட இதமாக இருந்திருக்கும்.

புது ரயில் ஓடத் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பத்து மணி ஐந்து நிமிஷத்து வண்டிக்கு டாக்டர் எட்டு மணிக்கே மனைவியோடும் மைத்துனரோடும் நடைமேடையில் ஆஜர்.

"எதிர்க்கிறவன் நீ, எதுக்குடா வர்ற?"

"ஏறிப் பாத்துட்டு எதிர்த்தாத்தான் அத்தான் மதிப்பு."

வண்டி வந்தது. ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. டாக்டரின் கண்களில் நீர் தளும்பியது. நிற்பது இரண்டே நிமிஷம். மனைவி மூட்டை முடிச்சோடு விறுவிறுவென்று ஏறிவிட்டார். டாக்டர் ஒரு காலைத் தூக்கினார். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எல்லாம் சரி அத்தான். மிச்சமாகுற ஒரு நிமிஷத்துக்கு ஜனங்க என்ன விலை குடுக்கிறாங்கன்னு தெரியுமா?"

தூக்கிய கால் கீழே இறங்கியது.

வாத்தியார் ஏற்கெனவே குந்தி உட்கார்ந்து, பளபளக்கும் நடைமேடைத் தரையில் மொத்தச் செலவை எழுதிவிட்டார். பக்கத்தில் டாக்டரும் குந்தினார்.

"யோவ், ஒரு சைபர் கூடப் போட்டிருக்க!"

"எண்ணிப் பாருங்க."

எண்ணினார்கள். சைபர்கள் நிறைய இருந்தன.

"ஏங்க! தம்பி! ஏறுங்க!" என்று வாசலில் நின்று அலறினார் மனைவி.

வாழ்நாள் முழுவதும் நிமிஷத்தை மிச்சம் பிடித்த மனிதர் தலை நிமிராமல் சொன்ன பதில்: "ஒரு நிமிஷம் இரு!"

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் மனைவி வாயசைத்தது மட்டும் தெரிந்தது. என்ன சொன்னார் என்பதை எழுத முடியாது.

"பாத்தியா வேகத்த! ஏறக்கூட விடல!" என்றார் டாக்டர், பெருமையாக.

"ஏத்திக்காம போற வண்டிக்கா இவ்வளவு செலவு?" என்றார் வாத்தியார், அதைவிடப் பெருமையாக.

இதற்குள் துப்புரவு செய்யும் அம்மா வந்து, "எழுந்திரிங்க சார், தரையெல்லாம் கிறுக்கி வச்சிருக்கீங்க" என்று ஈரத் துடைப்பத்தால் ஒரே இழுப்பு இழுத்தார். செலவுக்குத் தகுமா, தகாதா? விடை வர ஒரே ஒரு வரி பாக்கியிருந்தது. உலகம் இன்றுவரை அதை அறியவில்லை.

அடுத்த புது வண்டி சாயங்காலம்தான். அதற்கு முன் வந்த பழைய ரயிலில் மூன்றே முக்கால் மணி நேரம் இருவரும் மூச்சுவிடாமல் வாதாடினார்கள். மகளிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் பேசவில்லை.

போய்ச் சேர்ந்தபோது அரங்கம் காலி. மேஜையில் டீக் கோப்பைகள். கரும்பலகையில் பிரம்மாண்டமான வௌவால் காது ஒன்று. முன்வரிசையில் மனைவி கைப்பை போட்டுப் பிடித்து வைத்த இரண்டு நாற்காலிகள் அப்படியே கிடந்தன. மகள் ஜெயித்துவிட்டாள்.

"அந்த ரெண்டு நாற்காலியப் பாத்துக்கிட்டேதான் பேசினேன்" என்றாள். பிறகு, "வண்டி கரெக்டா வந்துச்சாப்பா?"

"வந்துச்சு கண்ணு! டாண்ணு வந்துச்சு!"

"அப்ப நீங்க?"

டாக்டர் வாயைத் திறந்தார்.

"ஆ..."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் மகள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது டாக்டர் சொல்வது சரியா, வாத்தியார் சொல்வது சரியா என்று மனதுக்குள் ஒரு கட்சி எடுத்துவிட்டீர்கள், இல்லையா? மறுகட்சிக்குச் சொல்லப் பதில்கூடத் தயார், அப்படித்தானே? நல்லது. சொல்வதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உங்களைப் பெயர் சொல்லி யாரோ கூப்பிடுகிறார்கள். கதவு மூடப் போகிறது.