கலையாத இரண்டாம் தட்டு

மூன்றாவது நாளும் இரண்டாம் தட்டில் ஒன்றுமே நடக்கவில்லை.

கியூமர்ஸ் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தான், துடைத்தான், மறுபடி வைத்தான். ஸ்டெம் செல்கள் ஜம்மென்று, உருண்டை உருண்டையாக, நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

"அது முதல் தட்டுதானே?" என்றாள் பக்கத்து மேஜை நஸ்தரன்.

"ரெண்டாவதுங்க. மருந்து போட்டது."

"அப்ப ஏன் இன்னும் கலையல?"

"அதான் எனக்கும் புரியல."

ஸ்டெம் செல்லுக்குள் நீளமான ஆர்.என்.ஏ. ஒன்று இருக்கிறது. அது புரதம் எதையும் செய்யாது. வெட்டி ஆள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 'எதுவாகவும் ஆகலாம்' என்ற நிலையில் செல்லைப் பிடித்து வைத்திருப்பதே அந்த வெட்டி ஆள்தான் என்று அவனுடைய வழிகாட்டி டாக்டர் ஹெக்மத் பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வருகிறார். அதன் வாயை அடைக்கும் மருந்தை விட்டால், செல்கள் கலைந்து நரம்பாகவோ தோலாகவோ ஆகக் கிளம்ப வேண்டும். அதைச் சனிக்கிழமை பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் முன் காட்டினால், கியூமர்ஸுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருடம் நீளும். காட்டாவிட்டால் தலையை மழித்து, கட்டாய ராணுவ சேவைக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆர்.என்.ஏ. உண்மையிலேயே அடங்கியதா என்று அளக்க ஓர் இயந்திரம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வராத ஓர் உதிரிபாகத்துக்காக அது ஐந்து மாதமாகத் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது.

கியூமர்ஸ் மருந்தை இரட்டிப்பாக்கினான். மறுநாள் செல்கள் இன்னும் தளதளவென்றிருந்தன. மும்மடங்காக்கினான். புதிய தட்டே போட வேண்டிய அளவுக்குப் பெருகிவிட்டன.

"மருந்துலதான் ஏதோ கோளாறு. என்னோடத எடுத்துக்குங்க" என்று நஸ்தரன் தன் குப்பியை நீட்டினாள். அவளுடைய அத்தை ஜெர்மனியிலிருந்து பெட்டிக்குள் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தது அது.

"ஐயோ, வேணாங்க."

"எடுங்க. இதெல்லாம் ஒரு பொருளா?"

"உங்க வேலைக்கு வேணுமே."

"உங்களவிட என் வேலையா பெருசு?"

"சத்தியமா வேணாங்க."

டெஹ்ரானில் டாக்ஸிக்காரர்கூடக் காசு வேண்டாம் என்றுதான் சொல்வார். அதை நம்பி இறங்கிப் போகிறவன் மனிதனே இல்லை. மூன்று முறை மறுப்பது மரியாதை. நாலாவது முறை சொன்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று கியூமர்ஸ் கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். அவளோ, பாவம், நிஜமாகவே வேண்டாம் போலிருக்கிறது என்று குப்பியைத் திரும்பக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் டாக்டர் ஹெக்மத்திடம் போனான்.

"தட்ட மாத்தி வச்சிட்டியா?"

"இல்ல டாக்டர். அடியிலேயே எழுதியிருக்கேன்."

"புது செல்லுல செஞ்சு பாத்தியா?"

"பாத்தேன். அதுவும் கலையல."

டாக்டர் நுண்ணோக்கியில் குனிந்தார்.

"அப்ப அந்த ஆர்.என்.ஏ. எதுக்குத்தான் இருக்கு?"

"நீங்கதானே டாக்டர் சொன்னீங்க..."

"நான் சொன்னா ஆச்சா? செல்லு கேட்டுச்சா?"

அன்று அவர் மதியச் சோற்றைத் தொடவில்லை. கியூமர்ஸுக்கோ, தன் கை தப்பா, மருந்து தப்பா, டாக்டர் தப்பா என்று யோசித்து யோசித்து, கடைசியில் எந்தத் தட்டு எதற்கு என்பதே மறந்து போனது. டாக்டரே சொன்னபடி, மொத்தப் பரிசோதனையையும் அதே மருந்தால் இன்னொரு முறை செய்தான். அதே உருண்டைகள், அதே கும்மாளம்.

சனிக்கிழமை குழுவினர் மூவரும் வந்து அமர்ந்தார்கள். கியூமர்ஸ் வாயைத் திறக்குமுன் டாக்டர் ஹெக்மத் எழுந்தார்.

"பன்னிரண்டு வருஷமா நான் சொன்னது தப்பு. இந்தத் தம்பி மூணு தடவ நிரூபிச்சுட்டான். என் கட்டுரையெல்லாம் வாபஸ் வாங்கறதா காலைலயே எழுதி அனுப்பிட்டேன்."

குழுத் தலைவர் எழுந்து நின்று கை தட்டினார். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு ஒரு வருடம் போதாது, இரண்டு வருடம் தருகிறோம் என்றார். கியூமர்ஸுக்குச் சந்தோஷமே வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த டாக்டரைப் பார்க்கையில், பேசாமல் ராணுவத்துக்கே போயிருக்கலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் தேநீர்த் தட்டோடு மஷ் ரஜப் உள்ளே வந்தார். ஆய்வுக்கூடத்தில் தேநீர் கொடுப்பதும் துடைப்பதும் அவர் வேலை.

"டாக்டர் ஏன் தம்பி கண் கலங்கறாரு?" என்று கியூமர்ஸின் காதருகே கேட்டார்.

"என் மருந்துக்கு அந்த செல்லு அசையவே இல்லண்ணே. அதனால அவரோட பன்னிரண்டு வருஷம் போச்சு."

மஷ் ரஜப் தேநீர்த் தட்டை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"குளிர்பெட்டி துடைக்கறப்ப உங்க மருந்துக் குப்பி கவுந்துருச்சு தம்பி, நீங்க மனசு கஷ்டப்படுவீங்களேன்னு அதே அளவுக்கு ஊத்தி வச்சேன், ஆனா பச்சத் தண்ணி இல்ல, நல்லா கொதிக்க வச்சு ஆத்தின தண்ணிதான்!"