ஆறாம் நம்பர் வீட்டாருக்கு நன்றி

கெடா மாநிலத்திலேயே படிக்கட்டைக் கழுவாமல், கழுவியதற்காக அதிக நன்றி வாங்கியவர்கள் சுங்கைப் பட்டாணியில் எங்கள் அடுக்குமாடிக்காரர்கள்தான். நன்றி சொன்னவர் ஜடுவல் அண்ணன்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். வாராவாரம் வேலை ஜடுவல், அதாவது யார் முறை என்கிற அட்டவணை, போட்டுப் போட்டு அது காணாமல் போய்விட்டது. எங்கள் புளோக்கில் நான்கு தளம், எட்டு வீடு, ஒரே படிக்கட்டு. லிஃப்ட் கிடையாது. எந்தச் சனிக்கிழமை யார் படி கழுவுவது, யார் கால்வாய் குத்திவிடுவது, யார் பல்ப் மாற்றுவது என்று நான்கு நிறத்தில் கோடு கிழித்துக் கீழே சுவரில் ஒட்டிவிடுவார்.

சிடாம் கிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். தோட்டம் கைமாறி அடுக்குமாடிக்கு வந்த பிறகும் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டை அவர் விடவில்லை. சனிக்கிழமை ஏழு மணிக்குப் படியடியில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார். ஆள் பிரிக்கிற அதே குரலில் வீட்டு நம்பரைக் கூப்பிடுவார்.

"மூணாம் நம்பர்."

ஒரு கதவும் திறக்காது.

"இருக்காங்க" என்று தானே பதில் சொல்லி, தானே குறித்துக்கொள்வார்.

அவருக்குச் சுத்தப் பைத்தியம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். விஷயம் அதுவல்ல. எட்டாம் நம்பரில், உச்சித் தளத்தில், அவர் மனைவி இருந்தார்; எங்களுக்கெல்லாம் அக்கா. அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவ்வளவு படியும் இறங்கி ஏற வேண்டும். மேலே தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதால் ஒரு வாரம் கழுவாவிட்டால் படியெல்லாம் பாசி. அக்கா ஒரு தடவை வழுக்கினால் கதை முடிந்தது. இது எட்டு வீட்டுக்கும் தெரியும்.

தெரிந்து என்ன? மூன்றாம் நம்பர் லோரிக்காரர், "இந்த வாரம் பினாங்கு ட்ரிப்பு லா அண்ணே" என்பார். எல்லா வாரமும் பினாங்குதான். ஆறாம் நம்பரான என் வீட்டில், என் மனைவிக்கு இடுப்பு வலி. எனக்கு, என் மனைவிக்கு இடுப்பு வலி.

ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் சுவரில் ஒரு தாள் ஏறும். 'இந்த வாரம் படிக்கட்டை மிகச் சுத்தமாகக் கழுவிய மூன்றாம் நம்பர் வீட்டாருக்கு நன்றி.' அதைப் படித்துவிட்டு, கூப்பிட்டால் வராவிட்டாலும் எப்போதோ ஊரே ஒழுங்காக வேலை செய்கிறது, நான் ஒருத்தன்தான் திருடன் என்று பல மாதம் கூசிப்போயிருந்தேன். எங்கள் வீட்டுக்கு நன்றி வந்தபோது மனைவி கழுவியிருப்பாள் என்று நினைத்தேன். அவள் நான் கழுவியதாக நினைத்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வந்தபோது குட்டு வெளிப்பட்டது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜடுவல் அண்ணன் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தாள் அதற்கு முன்பே சுவரில் ஏறியிருந்தது.

"யாரும் வர்றதில்லையே அண்ணே, அப்புறம் எதுக்கு நன்றி?"

"வராதவன் பேர வெட்டுனா மறுநாளும் வரமாட்டான் தம்பி. வந்ததா போட்டு வச்சா, வெக்கப்பட்டாச்சும் வருவான்."

"யாராச்சும் வந்தாங்களா?"

"இன்னும் இல்ல. வருவாங்க லா."

நான் வெட்கப்பட்டேன். சத்தியமாக வெட்கப்பட்டேன். வெட்கத்தோடு போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

அடுத்து எங்கள் முறை வந்த சனிக்கிழமை, என் வாசலுக்கு நேரே சவுக்காரத் தண்ணீரில் அவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு போய்விட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைக் கீழே இறக்கியபோது எல்லாரும் சுவரடியில் கூடியிருந்தார்கள். சுவரில் புதுத் தாள். 'ஆறாம் நம்பர் வீட்டாருக்கு நன்றி.'

லோரிக்காரர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கழுவுறது நல்லதுதான் தம்பி. அதுக்காக இவ்ளோ சவுக்காரமா போடுவாங்க?"

கழுவவே இல்லை என்று சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் பெரியவரை விழ வைத்தவனாக வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் கௌரவமாகப் பட்டது. "கை தவறிப்போச்சு அண்ணே" என்றேன்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு முனகல் வந்தது. "தம்பிய திட்டாதீங்க. நல்ல புள்ள. கழுவுற புள்ள."

அன்றைக்கு நான் செத்திருக்கலாம்.

அவர் ஆஸ்பத்திரியில். அக்காவை யார் இறக்குவது? எட்டு வீட்டில் ஏழு கூடிப் பேசி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்குவதற்கு ஒரு ஜடுவல் போட்டோம். திங்கட்கிழமை நான்கு பேர் வந்தோம். புதன்கிழமை இரண்டு பேர். மூச்சு வாங்கி, நாற்காலி சாய்ந்து, அக்கா கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். வெள்ளிக்கிழமை நான் ஒருவன் நின்றேன். ஒருவனால் நாற்காலியைத் தூக்க முடியாது. மெர்போக்கிலிருந்து மகளும் மருமகனும் வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அக்கா எங்களுக்கு நன்றி வேறு சொன்னார். அண்ணனும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்கே போய்விட்டார். அங்கே படிக்கட்டு இல்லை.

எட்டாம் நம்பர் இப்போது பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமைகளில் படியை நான்தான் கழுவுகிறேன். இனிமேல் யாருக்காகக் கழுவுகிறாய் என்று மனைவி கேட்கிறாள். முடித்ததும் அண்ணனுக்குப் போன் போடுவேன்.

"இந்த வாரம் யாரு தம்பி?"

"மூணாம் நம்பர் அண்ணே. பளிச்சுன்னு கழுவிட்டாரு."

"நன்றி ஒட்டுனீங்களா?"

"ஒட்டிட்டேண்ணே."

அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும், "நல்ல புள்ளைங்க" என்பார். அதைக் கேட்கத்தான் வாராவாரம் கூப்பிடுகிறேன்.